கூட ஓடினவர்

உடையப்பனை ஓட வைத்தது இனிப்புநீர். நாற்பத்தாறு வயதில் கிளினிக்குக்குப் போனபோது, அங்கிருந்த மிஸ்ஸி, அதாவது தாதி, ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இப்படியே போனா கால எடுக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே மகளின் பழைய பள்ளிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, ஈப்போவின் குனோங் ராபாட்டில் வீட்டுக்குப் பின்னாலிருந்த திடலை இரண்டு சுற்று நடந்தார். மூன்றாவது மாதம் அந்த நடை ஓட்டமாகிவிட்டது.

கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பதினைந்தாவது வயதில் கம்பெனி தோட்டத்தை விற்றுத் தொழிலாளர் லயங்களை இடித்தபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. மளிகைக் கடை, லாரி, பிறகு இருபத்திரண்டு வருடமாக ஒரு டயர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். நல்ல வேலைக்காரர் என்று பெயர் உண்டு. ஆனால் முன்பின் தெரியாத ஆட்கள் அவருக்காகக் கை தட்டியது, ஈப்போ நகர ஓட்டம் ஒன்றில் பத்துக் கிலோமீட்டரை முடித்தபோதுதான். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துப் போயிற்று. பத்து இருபத்தொன்று ஆனது. இருபத்தொரு கிலோமீட்டரை மூன்று வருடம் ஓடியும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. ஒரு தடவை வெறும் ஐம்பது விநாடியில் தவறிப்போனது. அதை அவர் வீட்டில் சொன்னதைவிடக் கிடங்கில் அதிகம் சொன்னார்.

கிடங்கில் லாரி அட்டெண்டனாக இருந்த கோகிலனை ஓட்டத்துக்கு இழுத்தவரும் அவர்தான். கோகிலனுக்கு நாற்பத்து மூன்று வயது, கனத்த உடம்பு, எதற்கும் சிரிக்கிற முகம். "அண்ணே, எனக்கு இதெல்லாம் ஒத்து வராது லா" என்றவனைத் தினமும் வேலை முடிந்ததும் திடலுக்குக் கூட்டிப்போனார். பத்து மாதத்தில் கோகிலன் பன்னிரண்டு கிலோ குறைந்தான். இருபத்தொரு கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்த அன்று அவன் மனைவி குமுதா உடையப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, இவருக்கு இதான் மொத தடவ. வீம்புக்கு ஓடுவாரு. நீங்க கூடவே இருங்க."

"நான் பாத்துக்கிறேம்மா. நீ கவலப்படாத" என்றார் உடையப்பன்.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு நகர மைதானமான பாடாங்கில் தொடங்கியது. இருவரும் தோளோடு தோள் சேர்ந்து ஓடினார்கள். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கோகிலன் பின்தங்கிவிடுவான் என்றுதான் உடையப்பன் நினைத்திருந்தார். அவன் விடவில்லை. சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் வெளுத்து வந்தபோதும் பக்கத்திலேயே இருந்தான். பேச்சு மட்டும் நின்று போயிருந்தது. பதினைந்தாவது கிலோமீட்டரில் உடையப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. இதே வேகத்தில் போனால் இந்தத் தடவை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பதினேழைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கோகிலன் வேகம் குறைந்து நடக்கத் தொடங்கினான். ஒரு கை நெஞ்சுக்குப் போயிருந்தது.

"அண்ணே... ஒரு நிமிஷம் இருங்கண்ணே."

உடையப்பன் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தபடியே ஓடினார். "பிடிப்பா இருக்கும்டா! முன்னால தண்ணி குடுக்குறாங்க, மெதுவா வா!" என்று கத்தினார். இன்னும் ஒரு ஐம்பது மீட்டர் போனதும் மறுபடியும் திரும்பினார். கோகிலன் சாலையோரக் கல்லில் கை ஊன்றி, ஒரு முழங்காலில் இருந்தான். பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். அந்த இடத்தில் அப்போது வேறு ஓட்டக்காரர்கள் இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு கார் போனது.

உடையப்பன் முன்னால் திரும்பிக்கொண்டார். யாராவது வருவார்கள், பின்னால் நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள் என்று தனக்குள் சொன்னார். சொல்லிக்கொண்டே ஓடினார்.

ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் நாற்பது விநாடி. பாடாங்கில் கை தட்டினார்கள். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். வாழைப்பழம் வாங்கினார், கடிகாரத்தைக் காட்டி ஒரு படம் எடுத்துக்கொண்டார், முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கோகிலனைத் தேடினார். அரை மணி நேரம் கழித்துக் குமுதாவிடமிருந்து போன் வந்தது. அழுகையில் ஒரே ஒரு வார்த்தைதான் புரிந்தது: ஆஸ்பத்திரி.

அவர் போய்ச் சேர்ந்தபோது கோகிலனை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். மாரடைப்பு. சாலையிலேயே இதயம் நின்றிருக்கிறது. யாரோ நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள், ஆம்புலன்ஸில் வந்தவர்கள் நெஞ்சில் மின்சாரம் வைத்திருக்கிறார்கள். குமுதா அவரைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கூட ஓடினவங்கதான் காப்பாத்துனாங்கன்னு அந்த ஆம்புலன்ஸ்காரர் சொன்னாருண்ணே. நீங்க இல்லேன்னா..." அவர் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பதக்கம் இன்னும் கழுத்தில் கிடந்தது. 'நான் இல்லம்மா' என்ற இரண்டு சொல் நாக்கு வரைக்கும் வந்தது. சுற்றிலும் கோகிலனின் சொந்தக்காரர்கள் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அழுது முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தார். அவள் அழுது முடித்ததும் ஒரு மாமா வந்து அவர் தோளைத் தட்டினார். இன்னொருவர் தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்தார். உடையப்பன் குடித்தார்.

கோகிலன் பிழைத்துக்கொண்டான். ஸ்டென்ட் வைத்து ஒன்பதாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் இதயம் நின்றிருந்த நேரத்தில் மூளைக்கு ரத்தம் போகாததால், சில வார்த்தைகள் அவனுக்குச் சட்டென்று வரவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடினான். ஓட்டத்தில் பதினாறாவது கிலோமீட்டர் வரைதான் அவனுக்கு நினைவிருந்தது.

ஓட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, கிடங்கில் மேனேஜர் எல்லாரையும் நிறுத்தி உடையப்பனுக்காகக் கை தட்டச் சொன்னார். முப்பது பேர் தட்டினார்கள். எந்தச் சத்தம் பிடித்துப்போய் அவர் ஓடிக்கொண்டே இருந்தாரோ அதே சத்தம். அவர் டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை குமுதா கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்து, பிரசாதத்தை வீட்டுக்கே கொண்டு வந்தாள். அவர் மனைவி புஷ்பலதா அதை வாங்கி அவர் நெற்றியில் விபூதி இட்டாள். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கு முன்னாலேயே, புதன்கிழமை, ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. "ஞாயிறு காலை சாலையில் மயங்கி, நான் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்த 2417 எண் அணிந்தவர் எப்படி இருக்கிறார்? யாருக்காவது தெரிந்தால் சொல்லவும். சிவாஜினி." கீழே ஒரு தொலைபேசி எண். 2417 கோகிலனின் எண். அந்தக் குழுவில் அவனைத் தெரிந்தவர் உடையப்பன் ஒருவர்தான்.

அவர் பதில் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. அந்தப் பெண் நான்கு நாள் கழித்து மறுபடியும் கேட்டார்: "யாருக்கும் தெரியாதா?" குழுவில் ஓட்டப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் வந்து அந்தக் கேள்வியை மேலே தள்ளிவிட்டன. தினமும் விரலால் இழுத்து இழுத்து அதைத் தேடி எடுத்துப் படிப்பார். பிறகு போனைக் கவிழ்த்து வைப்பார். நெஞ்சை அழுத்திக் காப்பாற்றிய ஒருத்தி, அவன் இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் சொன்னால் அவள் குமுதாவைப் பார்க்க வருவாள். அதோடு எல்லாம் தெரிந்துவிடும். ஓடிப்போனது ஒரு நிமிடப் புத்தி என்றாவது சொல்லலாம். இது ஒவ்வொரு நாளும் யோசித்துச் செய்வது. அதனால்தான் அவருக்கே தன்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

பன்னிரண்டாவது நாள் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த புஷ்பலதாவிடம் சொன்னார். முழுவதையும் சொன்னார், கோகிலன் சாய்ந்ததைப் பார்த்தது வரைக்கும்.

அவள் மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள். "அந்தப் பொண்ணு கொண்டாந்த பிரசாதத்த நானும்ல சாப்பிட்டேன்" என்றாள். பிறகு, "மொதல்ல அந்த அம்மாவுக்குப் போன் பண்ணுங்க. அவங்க எத்தன நாளா தவிச்சிக்கிட்டு இருக்காங்களோ."

அவள் முன்னாலேயே போன் செய்தார். மறுமுனையில் வயதான குரல், யாழ்ப்பாணத் தமிழ். சிவாஜினி கோலா கங்சாரில் இருக்கும் ஓய்வு பெற்ற தாதி, அறுபத்து மூன்று வயது. அன்று அதே சாலையில் வந்து சேர்ந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தை ஓடியும் நடந்துமாக முடித்தவர்.

"ஆள் சுகமோ? இருக்கிறாரோ?"

"இருக்காரும்மா. வீட்டுக்கு வந்துட்டாரு."

"அப்பாடா." ஒரு மூச்சு விட்டார். "அது தெரிஞ்சாப் போதும். நான் பேப்பரிலையெல்லாம் தேடினனான். நீங்கள் ஆர்?"

"கூட ஓடினவன்."

"அப்ப நீங்கள் எங்க நிண்டனீங்கள்? நான் வரேக்க அவர் தனியத்தானே கிடந்தவர்."

அவர் குற்றம் சாட்டவில்லை. தாதிகள் விவரம் கேட்கிற மாதிரி கேட்டார். உடையப்பனுக்குக் காது சூடாகியது.

"நான் முன்னால போயிட்டேம்மா. அவன் விழுந்தத பாத்துட்டுத்தான் போனேன்."

"ம்" என்றார் சிவாஜினி. குமுதாவின் எண்ணை வாங்கிக்கொண்டு வைத்துவிட்டார்.

சிவாஜினி அழைப்பதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தார் உடையப்பன். புஷ்பலதாவும் பின்னால் ஏறிக்கொண்டாள். குமுதா கதவைத் திறந்து, "வாங்கண்ணே, வாங்கக்கா" என்று சிரித்தாள். கோகிலன் ஹாலில் நாற்காலியில் இருந்தான். உடையப்பன் உட்காரவில்லை.

"குமுதா, அன்னிக்கு இவனக் காப்பாத்துனது நான் இல்லம்மா. சிவாஜினின்னு ஒரு அம்மா. பின்னால வந்தவங்க. நான்... அவனுக்கு முடியலன்னதும் மெதுவா வான்னு சொல்லிட்டு ஓடிட்டேன்."

"விழுந்தது உங்களுக்குத் தெரியாதுல்லண்ணே" என்றாள் குமுதா. அவரைக் காப்பாற்ற அவளே ஒரு வழி திறந்துவிட்டாள்.

அந்த வழியாகப் போயிருக்கலாம். புஷ்பலதா பக்கத்தில் நின்றாள்.

"தெரியும். திரும்பிப் பாத்தேன். சாஞ்சிட்டான். பாத்துட்டுத்தான் ஓடுனேன். ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னு."

குமுதாவின் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் எங்கே போவது என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கேட்டாள்: "எத்தன நிமிஷம் தனியா கெடந்தாரு?"

"தெரியலம்மா."

"டாக்டர் அதத்தான் கேட்டாரு. எத்தன நிமிஷம்னு. நான் சொன்னேன், கூட ஆளு இருந்தாங்க டாக்டர், உடனே பாத்துட்டாங்கன்னு." அவள் குரல் உயரவில்லை. "நீங்க ஆஸ்பத்திரியிலயே நின்னீங்களேண்ணே. நான் உங்க கையப் புடிச்சிக்கிட்டு அழுதேன்."

உடையப்பன் தரையைப் பார்த்தார். ஓடிப்போனதைவிட அந்தக் கையைத்தான் அவள் மன்னிக்க மாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது.

கோகிலன் பேசினான். வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான். "விடுங்கண்ணே. நானா இருந்தாலும்... ஓடியிருப்பேன்."

"இல்லடா" என்றார் உடையப்பன். "நீ நின்னுருப்ப."

குமுதா உள்ளே போய்விட்டாள். தேத்தண்ணி வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

சிவாஜினி அடுத்த வாரமே ரயிலேறி வந்து கோகிலனைப் பார்த்தார். குமுதா அவருக்குச் சேலை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பியதைப் புஷ்பலதாவின் போனில்தான் உடையப்பன் பார்த்தார். தீபாவளிக்குக் குமுதாவிடமிருந்து முறுக்கு வந்தது. புஷ்பலதாவின் பெயருக்கு வந்தது.

கிடங்கில் மேனேஜரிடம் அவரே போய் உண்மையைச் சொன்னார். மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு, "இதையெல்லாம் இனிமே யாருகிட்டயும் சொல்லாதீங்க லா" என்றார். கைதட்டல் பரவிய அளவுக்கு உண்மை பரவவில்லை. லாரிக்காரர்கள், டயர் வாங்க வருகிறவர்கள் என்று யாராவது, "நீங்கதான அந்த ஆள காப்பாத்துனவரு?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர், "நான் இல்ல" என்றார். பாதிப் பேர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் மரியாதையாகப் பார்த்தார்கள். அவர்களை நிறுத்தி, முழுக்கதையையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர்கள் முகம் மாறுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஆறு மாதம் கழித்துக் கோகிலன் வேலைக்குத் திரும்பினான். பாரம் தூக்கக் கூடாது என்பதால் கணினி முன்னால் உட்கார வைத்தார்கள். ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "அண்ணே, இவர ரோட்டுல நீங்கதான் காப்பாத்துனீங்களாமே" என்று ஆரம்பித்தார்.

உடையப்பன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுப் பேச வாயெடுத்தார். அதற்குள் கோகிலன் சொன்னான்.

"அவரு இல்ல. சிவாஜினின்னு ஒரு அம்மா, கோலா கங்சார். இவரு ஓடிட்டாரு."

சொல்லிவிட்டுச் சம்பல் போதாது என்று உடையப்பன் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டான். புது ஓட்டுநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உடையப்பன் முகம் சிவந்து, குனிந்து, மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.