சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குகிறவள்

ஓலு என்ற கடலோர நகரத்தில், படகுக் கருவிகள் செய்யும் ஆபீசில் இல்மோ வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவனுடைய கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்தது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெண் பிளக்கும் கையுமாக எழுந்தாள்.

"ஒயர் மாறிப்போச்சு. எதையாவது சேவ் பண்ணாம வச்சிருந்தியா?"

"ஆமா."

"இனிமே வைக்க மாட்டே."

அவள்தான் சிர்க்கு. பன்னிரண்டு வருஷம் கட்டடங்களுக்கு ஒயரிங் செய்தவள். காலேஜ் வாசலை மிதித்ததில்லை. ஓடுகிற கருவிகளின் கரண்டைப் பறித்து, எது பிழைக்கிறது என்று பார்ப்பது இங்கே அவள் வேலை. இல்மோவோ உருளைக்கிழங்கு விளைவிக்கும் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அந்தப் பெருமை அவன் நடையிலேயே தெரியும்.

மீட்புப் படகுகளின் பயணப் பதிவைக் காக்கும் பெட்டிக்கு அவன்தான் கோப்பு முறைமை, அதாவது பதிவுகளை டிஸ்க்கில் எழுதி வைக்கும் மென்பொருள், எழுதினான். கோப்பில் கை வைக்குமுன், அந்த மென்பொருள் செய்யப்போவதை டிஸ்க்கிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். எழுதி முடித்ததும் ஒரு முத்திரை. பாதியில் கரண்டு போனாலும், திரும்ப எழும் பெட்டி முத்திரையுள்ள குறிப்பை மறுபடி செய்யும், மற்றதை விட்டுவிடும். ஓர் இயந்திரத்தைக் கொண்டு ரீசெட் பட்டனைப் பத்தாயிரம் முறை தட்ட வைத்துச் சோதித்தான். ஒரு பதிவும் கெடவில்லை. வெள்ளிக்கிழமை பெட்டி கடலுக்குப் போகிறது என்று அவன் அம்மா ஊர்க்கடையில் சொல்லியாகிவிட்டது.

புதன்கிழமை பூராவும் சிர்க்கு அதைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பிடுங்கிச் செருகினாள். முந்நூற்றுப் பதினேழாவது தடவை, படகு இருக்குமிடம் குப்பையாக வந்தது.

"உன் கைராசி அப்படி," என்றான் இல்மோ.

"கைராசியா? நீ பட்டனத் தட்டினே. அதுல டிஸ்க்குக்கு வர்ற கரண்டு நிக்காதுப்பா. வாயில வச்சிருக்கறத மெதுவா முழுங்கிரும். நடுக்கடல்ல பேட்டரி அத்துப்போனா எந்தப் பட்டனத் தட்டுவாங்க?"

அவனுக்குச் சுருக்கென்றது. 'எழுதியாச்சு' என்று டிஸ்க் சொன்னதை அப்படியே நம்பியிருந்தான். அதுவோ எல்லாவற்றையும் தற்காலிக நினைவில் வைத்துக்கொண்டு, தன் வசதிக்கு வரிசை மாற்றி எழுதியிருந்தது. முத்திரை போய்ச் சேர்ந்தது, குறிப்பு சேரவில்லை; முத்திரையை நம்பிய பெட்டி, குறிப்பு இருக்கவேண்டிய இடத்தில் கிடந்த குப்பையைப் பதிவில் எழுதிவிட்டது.

மேலாளர் ரைமோ காப்பிக் கோப்பையோடு வந்தார். "முந்நூறுல ஒண்ணுதானே? அனுப்பிட்டு அப்புறம் பாத்துக்கலாம். சோதனைத்தாள்ல கையெழுத்துப் போடு, சிர்க்கு."

"பேனா எங்கயோ விழுந்துருச்சு."

"என்னோடத வச்சுக்கோ."

"அதுவும் விழுந்துரும்."

ரைமோ இல்மோவைப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் சிர்க்குவின் கையெழுத்து இல்லாமலே பெட்டி போய்விடும், அவன் பெயரும் நிலைக்கும்.

"தப்பு என்னோடது," என்றான். "அனுப்ப வேண்டாம்."

முத்திரைக்கு முன் டிஸ்க் குறிப்பை நிஜமாகவே எழுதி முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்லித் திருத்தினான். வேகம் குறைந்தது. இரண்டு வாரம் சிர்க்கு மூவாயிரம் தடவை பிடுங்கினாள். பிடுங்க ஓர் இயந்திரத்தை வைக்கலாமே என்று இல்மோ சொன்னதற்கு, "அது ஒரே மாதிரி பிடுங்கும். கரண்டு அப்படியா போகுது?" என்றாள். ஒரு பதிவும் கெடவில்லை. தன் சட்டைப்பையிலிருந்தே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பெட்டி இப்போது பதினோரு படகுகளில் இருக்கிறது. சிர்க்கு அதே ஆபீசில், அதே வேலையில் இருக்கிறாள். இல்மோ எழுதுகிற எதுவும் அவள் பிடுங்கிப் பார்க்காமல் வெளியே போவதில்லை.