வேடியப்பன் கார்டு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஏ.டி.எம்.மில் பணம் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள் எல்லாரும் நோட்டை எண்ணுவார்கள். கொளஞ்சியப்பன் மட்டும் எண்ணமாட்டான். கையில் கட்டியிருக்கும் தங்கநிற வாட்சைப் பார்ப்பான். பிறகு, ஆளே இல்லாத ஓரமாகத் திரும்பி, "மணி பதினொண்ணே கால்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நடப்பான். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் வெட்டிப் பயல்கள், "இன்னா கொளஞ்சி, யாராண்ட பேசிக்கினு போற?" என்று கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். அவன் பட்டதை இவர்கள் பட்டிருந்தால் அந்த மெஷின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

தியாகதுருகம் பக்கத்து ஆள் அவன். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. போர்வெல் போடும் வண்டியில் பைப் தூக்கிப் பிழைத்தவன். 2015 பொங்கல் முடிந்ததும், தான்சானியாவில் போர் போட ஆள் வேண்டும் என்று ஒரு ஏஜெண்ட் வந்தான். ஒரு வருஷம். சம்பளம் இங்கே வீட்டுக் கணக்கில் விழுந்துவிடும். அங்கே கைச்செலவுக்கு மாசம் மூன்று லட்சம் ஷில்லிங் அந்த ஊர் பேங்கில் போட்டுக் கார்டு கொடுப்பார்கள். மூன்று லட்சம் என்றதும் அவன் மனைவி ஆயம்மாள் வாயைப் பிளந்தாள். நம் காசுக்கு ஒன்பதாயிரம்தான் என்றதும், "த்தூ, அவ்ளோதானா" என்று எழுந்து போய்விட்டாள்.

அதே வண்டியில் வேலைக்கு வந்தவர்தான் வேடியப்பன். கல்வராயன் மலைக்காரர், வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே. கொளஞ்சியைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். எழுத்து தெரியாது. பணம் துப்புகிற மெஷின் என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம்.

"அது கைய கவ்விக்கும் தம்பி. நீயே எடுத்துக் கொடு" என்று கார்டையே கொளஞ்சியிடம் கொடுத்துவிட்டார்.

"நாலு நம்பர் சொல்லுண்ணே. யாராண்டயும் சொல்லக் கூடாது."

வேடியப்பன் விரல் மடக்கி யோசித்தார். "ரெண்டு புள்ளைங்க. ஏழு ஆடு. நாலு பலா மரம். ஒரு பொண்டாட்டி. போதுமா?"

அப்படித்தான் 2741 ஆனது. கொளஞ்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தன் கார்டுக்கு அவனும் ஒரு நம்பர் வைத்திருந்தான். அது என்ன என்பதுதான் பிறகு தொல்லையாய்ப் போனது.

வேலை நடந்த இடத்திலிருந்து டவுன் அறுபது கிலோமீட்டர். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வண்டி கூட்டிப்போய், மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பும். கொளஞ்சி உள்ளே போய் இரண்டு கார்டிலும் பணம் எடுப்பான். வேடியப்பன் எதிரே ஒரு முள் மரத்தடியில் மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருப்பார். வண்டியை விட்டுவிடுவோமோ என்று அவருக்குக் கவலை. கொளஞ்சி வெளியே காலை வைத்ததும், திரும்பிப் பார்க்காமலே, "மணி இன்னா தம்பி?" என்பார். எட்டு மாசமும் அதே கேள்விதான்.

மாசம் ஒரு லட்சத்துக்கு மேல் அவர் எடுக்கச் சொன்னதில்லை. யானை படம் போட்ட சிவப்பு நோட்டு பத்து வரும். முதல் நோட்டைக் கண்ணில் ஒற்றி, இடுப்பில் இருக்கும் மஞ்சள் துணியில் முடிந்துகொள்வார். அது சாமி பங்கு. எந்த வரும்படியிலும் முதல் பங்கு சாமிக்கு என்பது அவர்கள் பக்கத்துப் பழக்கம். ஊருக்குத் திரும்பிப்போய், சாமி முன்னால் முடிந்தவர் கையாலேயே அவிழ்க்க வேண்டுமாம். கொளஞ்சியோ கோழி, போன் ரீசார்ஜ், பீர் என்று மாசக் கடைசியில் துடைத்த கையோடு நிற்பான்.

ஒன்பதாவது மாசம் வேடியப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றே நாள். நாலாம் நாள் விடியும்போது மனுஷன் இல்லை. பாவி, ஒரு வார்த்தை முனகவில்லை. கம்பெனி உடலை ஊருக்கு அனுப்பியது. கூடப் போகவேண்டிய சாமான்களை அட்டைப் பெட்டியில் கட்டியவன் கொளஞ்சிதான். மஞ்சள் முடிச்சைப் பிரித்து எண்ணினான். எட்டு யானை. திரும்ப முடிந்து, அதன் கழுத்தில் போர் வண்டிப் பச்சை நைலான் கயிற்றால் அவன் கைமுடிச்சு ஒன்றைப் போட்டான். அவர் மனைவி செல்லியம்மாளுக்குப் போன் போட்டு, "சாமி பங்கு எட்டு நோட்டு இருக்குது அண்ணி" என்று சொன்னான்.

"நீங்க வர வரைக்கும் அவுக்கமாட்டேன் தம்பி. முடிஞ்சவரு இல்லன்னா, கூடப் போயிட்டு வந்தவங்கதான் அவுக்கணும்" என்றாள் அவள்.

எல்லாம் சரியாகச் செய்தவன், அவர் கார்டைத் தன் பையிலேயே மறந்து வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஷின் முன்னால் நின்று தன் கார்டைச் சொருகினான். விரல் 2741 அடித்தது. தப்பு என்றது மெஷின். சே என்று தலையில் தட்டிக்கொண்டு நிதானமாக அடித்தான். மறுபடியும் 2741. அவன் நம்பர் என்ன? நினைவில் அந்த இடம் வழித்தெடுத்ததுபோல் காலியாக இருந்தது. மூன்றாம் தடவை விரலைப் பிடித்துக்கொண்டே அடித்தான். அதுவும் அதையே அடித்தது. மெஷின் கார்டை விழுங்கிக்கொண்டது. புதுக் கார்டு வர நாலு மாசம் ஆகும் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள்.

கையில் சல்லிக் காசில்லை. வேடியப்பன் கார்டை எடுத்தான். அண்ணன் கணக்கில் கடனாக எடுப்போம், நம் பணம் வந்ததும் வைத்துவிடுவோம் என்று மனசைச் சமாதானப்படுத்தினான். ஒரு லட்சம் கேட்டான். பணம் வந்தது. எண்ணினான். ஒன்பது. சீட்டில் பத்து என்றுதான் இருந்தது. மெஷின் வாசலில் நின்ற காவல்காரனிடம் கொடுத்தான். அவனும் இரண்டு தரம் எண்ணி ஒன்பது என்றான்.

குழம்பிப்போய் வெளியே வந்தவனிடம், "மணி இன்னா தம்பி?" என்று குரல் கேட்டது.

"ஒண்ணே கால்ணே" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சுளீரென்ற வெயில். முள் மரத்தடியில் ஒரு ஈ காக்கை இல்லை.

நாலு மாசம் நாலு தடவை எடுத்தான். நாலு தடவையும் ஒன்பது நோட்டு. நாலு தடவையும் அந்தக் கேள்வி. பயம்தான். ஆனாலும் வயிற்றுக்குச் சோறு வேண்டுமே, எடுக்காமல் என்ன செய்வான்?

ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் புதுக் கார்டு வந்தது. தேங்கிக் கிடந்த தன் பணத்தை எடுத்தான். வேடியப்பனுக்குத் தரவேண்டிய நாலு லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்தான். அவர் கணக்கில் மிச்சம் இருந்ததையும் செல்லியம்மாளுக்காகத் தடவைக்கு ஒரு லட்சமாக எடுத்தான். அதில் ஒரு நோட்டும் குறையவில்லை. பத்து பத்தாகச் சுத்தமாக வந்தது. குரலும் இல்லை. பதினோரு தடவை எடுத்து முடித்தபோது, உள்ளே இன்னும் ஒரு லட்சம் கிடந்தது.

அங்கேதான் புத்தி கெட்டது. எதிர்க் கடையில் ஒரு தங்கநிற வாட்ச் மூன்று மாசமாக அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பேங்கில் எவ்வளவு கிடந்தது என்று மலையில் யாருக்குத் தெரியப் போகிறது? இவ்வளவு அலைந்ததற்குக் கூலி என்று வைத்துக்கொள்ளலாமே. எடுத்தான். வந்தது ஒன்பது நோட்டு. எண்ணியதும் காதைப் பொத்திக்கொண்டு கடைக்கு ஓடினான்.

ஊர் திரும்பிய எட்டாம் நாள் வெள்ளிமலை பஸ் ஏறினான். மடியில் பதினைந்து லட்சம் ஷில்லிங்கை மாற்றிய நாற்பத்தைந்தாயிரம் ரூபாய், கையில் வாட்ச். நாலு தடவை எடுத்ததைச் சொல்லிவிடுவது, ஐந்தாவதை விழுங்கிவிடுவது என்று வளைவுக்கு வளைவு ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான்.

இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது, வாசலில் இரண்டு பிள்ளைகள் நின்றன. கயிற்றில் ஏழு ஆடுகள். வீட்டைச் சுற்றி நாலு பலா மரம். கதவைத் தாண்டிச் செல்லியம்மாள் வந்தாள். அவன் வலதுகை ஆள்காட்டி விரல், அவன் சொல்லாமலே, தொடையில் நாலு தரம் அழுத்தியது.

பணத்தைக் கொடுத்தான். நாலு மாசம் கடன் எடுத்ததையும் திருப்பி வைத்ததையும் சொன்னான். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னான்.

"கஷ்டத்துக்குதான எடுத்தீங்க. அதுல இன்னா தப்பு" என்றாள் அவள். "வாங்க, முடிச்ச அவுத்துக் குடுங்க. சாமிக்குச் சேக்கணும்."

பலா மரத்தடியில் ஒரு கல். அதுதான் சாமி. மஞ்சள் முடிச்சு அதன் காலடியில் தூசி படிந்து கிடந்தது. பச்சை நைலான் முடிச்சு அவன் போட்டது போட்டபடி இருந்தது. அந்தப் போடு அவனைத் தவிர யாருக்கும் வராது. நகம் வலிக்க அவிழ்த்துத் துணியை விரித்தான். யானைகளை ஒவ்வொன்றாகக் கல்லின்மேல் வைத்தான். எட்டு. ஒன்பது. பத்து. பதின்மூன்றில் முடிந்தது.

செல்லியம்மாள் கல்லுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். "எட்டு அவரு முடிஞ்சது" என்று ஒதுக்கினாள். "நாலு, நீங்க கஷ்டத்துக்கு எடுத்தது." அதையும் ஒதுக்கினாள். ஒரு யானை தனியாகக் கிடந்தது. அதை விரலால் தொட்டாள். "இது எப்பத்தது தம்பி?"

அட்டைப் பெட்டி கட்டும்போது தப்பாக எண்ணியிருப்பேன் என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் தொண்டைவரை வந்துவிட்டது. அவள் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் சொல்லியும் இருப்பான். இல்லை.

"அது வாட்சுக்கு எடுத்தது அண்ணி" என்றான். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "கஷ்டத்துக்கு இல்ல. ஆசைக்கு. உங்களுக்குத் தெரியாதுன்னு எடுத்தேன்." சட்டைப் பையிலிருந்த மூவாயிரத்தைக் கல்லில் வைத்தான். வாட்சையும் கழற்றி அதன்மேல் வைத்தான்.

அவள் பணத்தை எடுத்துக்கொண்டாள். வாட்சைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டாள். பிறகு அவன் கையைப் பிடித்து அவளே திரும்பக் கட்டிவிட்டாள்.

"எனக்கு மணி பாக்கத் தெரியாது. அங்க உங்களாண்டதான கேட்டுக்கினு இருந்தாரு. இனிமேட்டும் உங்களாண்டதான் கேப்பாரு. கேட்டா சொல்லிடுங்க தம்பி, காதப் பொத்திக்கினு ஓடாதீங்க."

அந்த மணி விஷயத்தை அவன் அவளிடம் மட்டுமில்லை, ஆயம்மாளிடம்கூடச் சொன்னதில்லை. செல்லியம்மாள் ஆட்டை அவிழ்க்கப் போய்விட்டாள். கல்லின்மேல் பதின்மூன்று நோட்டும் காற்றில் அசையாமல் கிடந்தன. கொளஞ்சி எழுந்து இரண்டடி வைத்தான். பலா மரத்துக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ கேட்டார்கள்.

கொளஞ்சி வாட்சைத் திருப்பிப் பார்த்தான்.

"மூணே கால்ணே" என்றான்.