ஏழு கிலோ மீனில் ஒரு சிவப்புப் புள்ளி

மிலோய்கா அக்காவுக்குப் பொறாமை இன்னார் மேல்தான் என்றில்லை. ஆற்றின் அக்கரையில் யாராவது சன்னல் திரையை மாற்றினால் இக்கரையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். தங்கை தோட்டத்தில் தக்காளி முதலில் பழுத்துவிட்டால் அன்று அவள் வீட்டு சூப்பில் உப்பு கூடிவிடும். கணவர் ரதிவோய் நாயைத் தடவிக்கொடுத்தால்கூட, "அதையே கட்டியிருக்கலாமே" என்பாள்.

அவள் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. ஒவ்வொரு நவம்பரிலும் பத்து நாள் விடுப்பு போட்டுவிட்டு எங்கள் மீன்பிடிச் சங்கத்தின் குஞ்சு பொரிப்பகத்துக்கு வந்துவிடுவாள். இருபது வருடமாக, தொட்டிக்கு அருகிலிருக்கும் முக்காலி அவளுடையது. ஆற்றில் மின்சாரம் பாய்ச்சி மயக்கிய டிரவுட் மீன்களைத் தொட்டியில் விடுவோம். அவள் கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து "நம்மது" என்பாள், அல்லது "கலப்பு" என்பாள். நம்மது என்றால் முட்டையைப் பிழிந்தெடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வசந்தத்தில் மேலே உள்ள ஓடைகளில் விடுவோம். கலப்பென்றால் அணைக்குக் கீழே கொண்டுபோய் விடுவோம்.

நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ மலைக்கு அந்தப் பக்கத்து டிரவுட்டைக் கொண்டுவந்து எங்கள் சோச்சா ஆற்றில் விட்டார்கள். அதன் உடம்பில் வெள்ளை வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி இருக்கும். சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். நம்முடையதற்குப் புள்ளி கிடையாது. தலை முதல் வால் வரை அறுத்த பளிங்கில் ஓடுவதுபோல் வளைந்து வளைந்து வரிகள். இரண்டும் கூடிப் பிறந்ததுதான் தலைவலி. தலையெல்லாம் வரி இருக்கும், விலாவில் எங்கோ ஒரு புள்ளி ஒளிந்திருக்கும். நம் மீனுக்கும் சில சமயம் ஆரஞ்சு நிறத்தில் கறை விழும். ஆனால் கறையின் ஓரம் கரைந்திருக்கும், புள்ளியின் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். சன்னல் திரையைப் பார்க்கிற கண் அல்லவா, அக்கா தவறவிடமாட்டாள். கோடையில் மரபணுச் சோதனை முடிவு வரும்போது நூற்றுக்கு மூன்றுதான் தப்பியிருக்கும்.

நான் ஏழு வருடம் ஊர் சுற்றினேன். நார்வே, சிலி, நியூசிலாந்து என்று போன இடமெல்லாம் மீன் பண்ணை வேலை. எந்த ஊரிலும் என் வாயிலிருந்து என்ன வரப்போகிறதென்று யாரும் காத்திருந்ததில்லை. போன கோடையில் திரும்பி வந்தபோது, சங்கத் தலைவர் ஸ்வெத்கோ நூறு மீன்களின் படங்களைக் காட்டிப் பிரிக்கச் சொன்னார். எனக்குத் தப்பியது இரண்டு. "இந்த வருஷம் ரெண்டு பேரும் பாருங்க. யார் கண்ணு நல்லாயிருக்கோ அவங்களுக்கு அடுத்த வருஷத்துலேர்ந்து முக்காலி" என்றார்.

"வாடியம்மா, சிலி மகாராணி" என்றாள் அக்கா முதல் நாளே. "அங்கல்லாம் மீனுக்கே பாஸ்போர்ட் கொடுப்பாங்களாமே?"

"ஆமாக்கா. மீனுக்கே கிடைச்சிடுது, நீங்கதான் இன்னும் எடுக்கல."

"தாயே, ரெண்டு பேரும் மீனைப் பாருங்க" என்றார் ரதிவோய்.

அந்த வாரம் முழுவதும் நான் நம்மது என்றால் அவள் கலப்பு என்பாள். நான் கலப்பு என்றால், "அவசரத்தைப் பாரு" என்பாள். பாதியை மதியத்துக்குள் முனகிக்கொண்டே ஒப்புக்கொள்வாள். ஸ்வெத்கோவுக்குச் சலித்துப்போய்விட்டது. மழை வேறு. ஆறு கலங்கிக் கிடந்ததில் பெண் மீன்கள் ஐந்துதான் சிக்கியிருந்தன.

எட்டாம் நாள் ஆறாவது வந்தது. ஏழு கிலோ. அந்த ஒரு மீனின் முட்டையே வருடத்து முட்டையில் பாதி. முதலில் தூக்கியது நான்.

"நம்மது!"

ஸ்வெத்கோ தொப்பியைக் கழற்றிவிட்டார். அக்கா வந்து மீனைத் திருப்பினாள், மார்புத் துடுப்பை விரலால் தூக்கினாள்.

"கலப்பு."

"அக்கா, போதும். ஒரு வாரமா பார்த்துட்டுத்தானே இருக்கேன். இவ வெள்ளைன்னா நீங்க கறுப்புங்கிறீங்க" என்றார் ஸ்வெத்கோ.

"துடுப்புக்கு அடியில பாரு. புள்ளி."

"கறை. நம்ம மீனுக்கும் வரும்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதான்" என்றார் அவர்.

சண்டை வரும் என்று நினைத்தேன். அவள் குனிந்து மறுபடி பார்த்தாள். நிமிர்ந்து, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"நெசமாச் சொல்றேன் ஸ்வெத்கோ. கண்ணு சொல்லுதா, வயித்தெரிச்சல் சொல்லுதான்னு எனக்கே தெரியல. இதை நான் தூக்கியிருந்தா நம்மதுன்னே சொல்லியிருப்பேனோ என்னவோ."

முட்டை பிழிய ரதிவோய் பாத்திரத்தை எடுத்துவிட்டார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடி. நல்லாப் பார்த்துச் சொல்லு."

நான் பார்க்க வேண்டியதில்லை. தூக்கும்போதே பார்த்துவிட்டேன். மிளகு அளவு புள்ளி, வெட்டினாற்போல் ஓரம், சுற்றி வெள்ளை வளையம். பார்த்ததும் கட்டைவிரலை அதன் மேல் வைத்துக்கொண்டேன். இப்போது கறை என்று ஒரு வார்த்தை சொன்னால் முக்காலி என்னுடையது. ஆனால் சோதனை முடிவு வருவதற்குள் இதன் குஞ்சுகள் அருவிக்கு மேலே உள்ள ஓடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இன்றுவரை கலப்பே ஏறாத ஓடை அது.

"கலப்புதான்" என்றேன். "தூக்கும்போதே பார்த்தேன்."

ஸ்வெத்கோ தொப்பியைப் போட்டுக்கொண்டார். அக்கா என்னை ஒரு நிமிடம் முறைத்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"பார்த்துட்டா நம்மதுன்னு சொன்னே?" தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "ரதிவோய், கேட்டியா? இந்த ஊர்ல என்னைவிட வயித்தெரிச்சல்காரி ஒருத்தி இருக்கா!" சட்டென்று சிரிப்பு நின்றது. "அதுலயும் என்னை முந்திட்டா பாரு."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நானும் ரதிவோயும் ஏழு கிலோவைப் பீப்பாயில் விட்டு, அணைக்குக் கீழே கொண்டுபோக வண்டிக்குத் தூக்கிச் சென்றோம். பின்னால் அவள் குரல் கேட்டது: "நம்மது!"

என்னால் திரும்பாமல் இருக்க முடியவில்லை. அவள் கையிலிருந்த மீனின் கன்னம் முழுவதும் வரி, விலாவில் ஒரு பொட்டு இல்லை. நம்மதுதான். இருந்தாலும் பக்கத்தில் போய்த் துடுப்பைத் தூக்கிப் பார்க்கவேண்டும் போலிருந்தது.