திரைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி

கோர்ட்டில் சாட்சி சொல்ல வரும் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. விசாரணை நடக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பதும் அதில் சேர்த்தி. சட்டத்தில் இதற்கு ஆதரவு நபர் என்று பெயர். பால்வாடியிலிருந்து இங்கே வந்ததால் பிள்ளைகளுக்கு நான் டீச்சர்தான். என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தரக் கூடாது. எங்கே உட்கார வேண்டும், யார் கேள்வி கேட்பார்கள், தாகம் எடுத்தால் யாரிடம் கேட்பது, இவ்வளவுதான் சொல்லலாம். அவர்கள் பெயரையும் வெளியே சொல்லக் கூடாது. ஊரை வைத்துச் சொல்கிறேன், அதிலும் சிலதை மாற்றித்தான். ஏதாவது ஒரு ஆபீஸ் வராந்தாவில் பகல் முழுக்கக் காத்துக் கிடந்து, பிறகு வாருங்கள் என்று கேட்டுத் திரும்பியவர்களுக்கு மற்றதெல்லாம் தானே விளங்கும்.

வாய்தா

குளச்சல் பக்கத்துப் பிள்ளைக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டுக்காரன் மேல் கேஸ். அம்மா மீன் விற்கிறவர்; சம்மன் வந்த அன்றெல்லாம் வியாபாரத்தை விட்டுவிட்டு, பிள்ளைக்கு கிறிஸ்துமஸ் உடுப்பைப் போட்டுக் கூட்டி வருவார். முதல் தடவை ஜட்ஜ் லீவு. அடுத்த தடவை எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். அதற்கடுத்து அவருக்கு வேறொரு கோர்ட்டில் வேலை. ஒவ்வொரு தடவையும் முந்தின நாளிலிருந்தே பிள்ளைக்குச் சோறு இறங்காது.

நான்காவது தடவையும் வக்கீல் வரவில்லை. பன்னிரண்டரை மணிக்கு கிளார்க் வந்து அடுத்த மாதத்தில் ஒரு தேதி சொன்னார். அம்மா பையை எடுத்தார். வக்கீல் வராவிட்டால் விசாரிக்க முடியாது, இதற்குப் பெயர் வாய்தா என்று நான் பிள்ளைக்குச் சமாதானம் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவள் கேட்டாள்: "அந்த வக்கீல் வரலேன்னா அடுத்த தேதி. நான் வரலேன்னா என்ன, டீச்சர்?"

மணி எத்தனை

முட்டத்துப் பையனுக்குப் பதினோரு வயது. வலை காயப்போடும் இடத்தில் அவனுடைய சித்தப்பாவை ஒருவன் வெட்டியதைக் கண்ணால் கண்டவன். கண்ட மற்றவர்கள் எல்லாரும் காணவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பையனுக்கு ஒரே பயம்தான்: தெரியாது என்று சொன்னால் பரீட்சையில் தோற்ற மாதிரி ஆகிவிடுமோ என்று. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம், இங்கே அதற்கு மார்க் குறைக்க மாட்டார்கள் என்று பலதடவை சொல்லி வைத்திருந்தேன்.

குறுக்கு விசாரணையில் வக்கீல் நேரத்தைப் பிடித்துக்கொண்டார். ஆறு மணியா, ஆறரையா, ஏழா என்றார். எல்லாவற்றுக்கும் தெரியாது என்றான். மணி தெரியாதவனுக்கு இருட்டில் ஆள் மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். இருட்டவில்லை, கலங்கரை விளக்கத்தில் அப்போதுதான் லைட் போட்டார்கள் என்றான் பையன். அந்த லைட்டை எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று வக்கீல் விடவில்லை. பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு அவன் ஜட்ஜைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னான்: "அது லைட் போடுத ஆளுக்குத்தான் தெரியும். வெட்டினது யாருன்னு எனக்குத் தெரியும்."

திரையின் அடி

தோவாளைப் பிள்ளைக்கு எட்டு வயது. குற்றம் சாட்டப்பட்டவன் டியூஷன் வாத்தியார். அவன் முகத்தைப் பிள்ளை பார்க்கக் கூடாது என்று நடுவே பச்சைத் துணியில் ஒரு திரை வைத்திருந்தார்கள். பெயர் சொன்னாள், படிக்கிற வகுப்பைச் சொன்னாள். மூன்றாவது கேள்வியில் நின்றுவிட்டாள். ஜட்ஜம்மா தணிவாக இரண்டு தரம் கேட்டும் தலை நிமிரவில்லை. என் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் பார்க்கிற இடத்தை நானும் குனிந்து பார்த்தேன். திரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் அவனுடைய இரண்டு பாதங்கள். ஒரு பெருவிரல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

நான் பேசக் கூடாதே. எழுந்து, வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது மாதிரி கையைத் தூக்கினேன். ஜட்ஜம்மா என்னவென்று கேட்டதும் திரையின் அடியைக் காட்டினேன். அவர் இறங்கி வந்து, பிள்ளையின் நாற்காலிப் பக்கம் குனிந்து பார்த்தார். பழைய கேஸ் கட்டுகளைக் கொண்டுவந்து அந்த இடைவெளியில் வரிசையாக அடுக்கச் சொன்னார். அதன்பிறகு பிள்ளை இருபது நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். பின்னால் அவனுக்குத் தண்டனையும் கிடைத்தது. அன்று மத்தியானம், ரிட்டயர் ஆக மூன்று மாதமே இருந்த கிளார்க் அந்தக் கட்டுகளை அலமாரியில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். தூசியைத் தட்டியபடி சொன்னார்: "இத்தன வருசமா மேல மட்டுந்தான் மறைச்சிருக்கோம், டீச்சர்."

ஒரு காப்பி

எல்லாம் அப்படி முடிவதில்லை. கருங்கல் பக்கத்துப் பிள்ளைக்குப் பதினான்கு வயது. கேஸ் அவள் தாய்மாமன் மேல். அம்மாவே சாட்சிக் கூண்டில் ஏறி, பிள்ளை தன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். பிள்ளை மட்டும் சொன்னதிலிருந்து மாறவில்லை. மாமனுக்கு விடுதலை.

தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு அவள் தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போனேன். என்ன ஆறுதல் சொல்வது என்று பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் யோசித்தேன். அவள் ஆறுதல் கேட்கவில்லை. தான் பொய் சொன்னதாக இதில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்ற வரியை விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். முன்பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பொய் என்று எங்கும் இல்லையே என்றாள். இல்லை மக்கா என்றேன். தாள்களை ஓரம் சேர்த்து மடித்து, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "இதுல ஒரு காப்பி எங்க அம்மைக்குக் குடுப்பியளா, டீச்சர்?"

மொத்தத்தில், இந்த வேலைக்கு ஆளே தேவைப்படாத ஒரு நாள் வரட்டும் என்று தினமும் காலையில் ஜெபம் பண்ணிவிட்டு, எட்டே கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வேலை இது.