சிப்பி போட்ட றோட்டு

கொதிக்கும் தாரின் மணம் இன்று காலை வாசல்வரை வந்தபோது எனக்கு அம்மாவின் ஈரப் பனையோலைக் கடகம்தான் நினைவுக்கு வந்தது. நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில், விடத்தல்தீவிலிருந்து பெரிய றோட்டுக்குப் போகும் இந்தக் குறுகிய பாதை மாரியில் முழங்கால் சேறாகிவிடும். பஸ் வராது, நோயாளியைக் கதிரையில் வைத்துத்தான் தூக்கிப்போக வேண்டும். றோட்டுப் போட்டுத் தரும்படி அதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன ஊர்ப் பெண்கள், கரையில் ஒதுங்கிய சிப்பிகளைக் கடகம் கடகமாகச் சுமந்து வந்து கொட்டி, மரக்குற்றியால் இடித்து, அடுத்த மாரிக்கு முன் அந்தச் சேற்றை மூடினார்கள். சிப்பி நொறுங்கும் சத்தமும், அம்மாவின் கழுத்தில் வழிந்த உப்புத்தண்ணீரும், முதல் பஸ் கறமுறவென்று வந்து நின்றதும் எனக்குள் அப்படியே இருக்கின்றன.

வெளியே போய்ப் பார்த்தேன். தார் காயவில்லை, அதற்குள் பலகை நட்டிருந்தார்கள். றோட்டின் இலக்கமும் திறந்துவைக்கப்போகிறவரின் பெயரும் அதில் இருந்தன. பக்கத்தில் நின்ற இளம் அதிகாரி, "முந்தி இதில றோட்டே இருக்கேல்லை அம்மா," என்றார்.

நான் பலகையைக் காட்டினேன். "இருந்தது தம்பி. எங்கட தாய்மார் போட்டது. அவையின்ர பேரையும் எழுதுங்கோ."

"சொல்லுங்கோ," என்று சிரித்தபடி கொப்பியைத் திறந்தார்.

அம்மாவின் பெயரிலிருந்து தொடங்கினேன். செபமாலை, வள்ளியம்மை, றகுமத்தும்மா, பிலோமினா... நாலாவது பெயரோடு அவர் பேனையை மூடிவிட்டார். நான் நிறுத்தவில்லை.