விளக்கில் எறும்பு

மலாக்காவில் நிலவறை கட்டுவது கடலை வீட்டுக்குள் அழைத்து உட்கார வைப்பதற்குச் சமம். ஆயினும் காஜா பெராங்கில் மளிகை மொத்த வியாபாரம் செய்த இராமநாதன் முதலாளியின் கடைக்கு அடியில் அப்படி ஓர் அறை இருந்தது. சுவர்கள் ஆண்டு முழுவதும் வியர்த்தன. தரையில் பாதம் நனையும் அளவுக்கு நீர் எப்போதும் நின்றது. அங்கேதான் ஊறுகாய்ச் சாடிகளும் பெலாச்சான் என்னும் இறால் விழுதுப் பெட்டிகளும் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கழுவித் துடைத்துப் பராமரித்தவர் தேவானை என்ற பெண்மணி.

நாடு விடுதலை பெறவிருந்த ஆண்டு அது. சென்னையில் மின்பொறியியல் பட்டம் பெற்றுத் திரும்பிய நான், மாணிக்கம் என்ற வயரிங் கண்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்த நிலவறைக்கு விளக்குப் போடுவதுதான் எனக்கு அளிக்கப்பட்ட முதல் பணி.

1. பதினொரு பக்கம்

எந்த முறையில் வயரிங் செய்வது என்று ஆராய்ந்து பதினொரு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். வயரை மூடும் மரக் கேசிங் ஈரத்தை உறிஞ்சும். மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். இரும்புக் கான்டியூட் குழாய்க்குள் நீர் கோத்து நிற்கும். உப்புக் காற்றில் துருவும் ஏறும். ஈய உறை கேபிளில் உறையின் தொடர்ச்சி எங்கேனும் அறுந்தால், அறுந்தது எவருக்கும் தெரியாமலே ஆபத்து காத்திருக்கும். ஆகவே தடித்த ரப்பர் உறை கேபிளைப் பீங்கான் தாங்கிகளின் மேல், சுவரைத் தொடாமல் கொண்டுசெல்ல வேண்டும். விளக்குகளின் கூடும் பீங்கானாக இருக்க வேண்டும். சுவிட்ச் படிக்கட்டின் தலைப்பில், உலர்ந்த இடத்தில் அமைய வேண்டும். இதுவே என் முடிவு. ஒன்பதாம் பக்கத்தில் அடிக்கோடிட்டிருந்தேன்.

மாணிக்கம் அறிக்கையைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார். "தம்பி, இது கொட்டேஷனா, கோர்ட்டு வழக்கா?"

முதலாளி அதைத் தொடவே இல்லை. "கீழ யாருய்யா பாக்கப் போறா? முகப்புல போடு. மெர்டேக்கா ஊர்வலம் போறப்ப சனம் வாயப் பொளக்கணும். கீழ மாட்ட எங்கிட்ட பழைய கப்பல் வெளக்கு நாலு கெடக்கு, அது போதும்."

முகப்புக்கு வண்ண பல்புகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. மெர்டேக்கா என்கிற விடுதலை முகப்பு வழியாகத்தான் வரும் என்பதில் முதலாளிக்கு ஐயமே இல்லை.

கேபிளுக்கு ஒப்புக்கொண்டார்கள், விளக்குக்கு ஒப்பவில்லை. கப்பல் விளக்குகளின் கூடு வார்ப்பிரும்பு. எனவே ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: கசியும் மின்சாரம் பூமிக்குள் இறங்கும்படி இரும்புக் கூட்டுக்கு எர்த் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதை எழுதும்போது எனக்குள் இருந்த பட்டதாரி விழித்துக்கொண்டான். தேசமே தன் காலில் நிற்கப்போகிறது, நம் மொழி மட்டும் 'எர்த்' என்று கடன் வாங்கிக்கொண்டிருப்பதா? "விளக்குக் கூட்டினின்றும் வரும் பச்சைக் கம்பியின் மறுமுனையை மண்ணோடு இணைக்கவும்" என்று எழுதி, இரண்டு முறை வாய்விட்டுப் படித்து மகிழ்ந்தேன்.

வேலையைச் செய்ய வந்தவர் ஆறுமுகம். தேவானையைப் போல இவரும் கம்போங் செட்டியைச் சேர்ந்தவர். என்னைவிடப் பதினைந்து ஆண்டு மூத்தவர். பல தலைமுறைகளுக்கு முன்பே இங்கு குடியேறிய தமிழ் வணிகர் வழிவந்த செட்டி மக்கள் பலரையும் போல வீட்டிலும் வெளியிலும் மலாய்தான் பேசுவார். என் தூய தமிழை மாணிக்கம் அவருக்கு மலாயில் படித்துச் சொன்னாராம். நான் அன்று செமாபோக்கில் வேறொரு வேலையில் இருந்தேன்.

2. மூன்று ஜோடிச் செருப்பு

ஊர்வலத்திற்கு முந்தைய நாள் காலை மாணிக்கத்தோடு முகப்பு பல்புகளைச் சரிபார்க்கப் போனேன். தேவானை படியேறி வந்து என்னிடம் சொன்னார்: "லம்பு நி அடா செமுட்-செமுட், துவான்." இந்த விளக்கில் எறும்பு இருக்கிறது, ஐயா.

முதலாளி கல்லாவில் இருந்தபடியே சிரித்தார். "மூணு நாளா இதே பாட்டு. சாடி இருக்கற எடத்துல எறும்பு வராம யானையா வரும்? சீமெண்ணெய் தடவுன்னு சொல்லிட்டேன்."

தடவியும் இருக்கிறார். நீரில் நின்றுகொண்டு, ஈரக் கையால், மூன்று நாளாக.

எல்லோரும் கீழே இறங்கினோம். முதலாளி விளக்குக் கூட்டைத் தாராளமாகத் தட்டிக்கொடுத்தார். "எங்க எறும்பு? என்னயக் கடிக்கலியே!" மாணிக்கமும் தொட்டார். "ஒண்ணுமில்ல லா." வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: நானும் தொட்டேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தேவானை எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். ரப்பர் அடி வைத்த செருப்பு மூன்று ஜோடி. அவற்றுக்கு எதிரே, நீருக்குள் வெளுத்து ஊறிப்போன இரண்டு வெறும் பாதங்கள்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கால் மரத்துப்போனால் வருமே ஒரு குறுகுறுப்பு, அதற்கும் மலாயில் அதே எறும்புதான். டெஸ்டரைக் கூட்டில் வைத்தேன். அதன் சிறு விளக்கு சிவந்து எரிந்தது. இரும்புக் கூட்டில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது; எங்களைக் காத்தது ரப்பர் செருப்பு.

3. நல்ல மண்

பச்சைக் கம்பியைப் பின்தொடர்ந்தேன். அது படிகளில் ஏறி, கிளிப் அடித்து, அழகாக வளைந்து, கடையின் நடுமுற்றத்துக்குச் சென்று, ரோஜாத் தொட்டிக்குள் முடிந்திருந்தது. மேலே ஒரு கூழாங்கல்லும் வைக்கப்பட்டிருந்தது. தொட்டி மண்ணுக்கும் பூமிக்கும் தொடர்பே இல்லை.

ஆறுமுகத்தை அழைத்தேன். அவர் பெருமையோடு விளக்கினார்: "தானா பாயிக், துவான். ஹாரி-ஹாரி சீரம்." நல்ல மண்தான் ஐயா, தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

"எர்த் கொடுக்கவில்லையா?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "எர்த்? கெனாபா தா சாகாப் எர்த்?" ஏன் எர்த் என்று சொல்லவில்லை? பிறகு மலாயிலேயே மெல்லச் சொன்னார்: "மண்ணில் வை என்றார்கள். படித்தவர் கொண்டுவந்த புதிய முறை போலும் என்று நினைத்தேன்."

மலாய்க்காரர், சீனர், செட்டி, தமிழர் என இந்த ஊரின் வயர்மேன் அனைவருக்கும் தெரிந்த ஒரே சொல்லை விரட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரோஜாச் செடியை நட்டிருந்தேன்.

மெயின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முகப்பு விளக்குகளும் அணைந்தன.

"யோவ், நாளைக்கு ஊர்வலம் வருதுய்யா!" என்று முதலாளி அலறினார்.

"தம்பி, பியூஸக் குடு. இல்லன்னா நாளையில இருந்து வராத" என்றார் மாணிக்கம்.

"அந்தம்மா செத்தா, உங்க முகப்பு வெளிச்சத்துலதான் தூக்கிட்டுப் போகணும். பரவால்லன்னா எடுத்துக்குங்க" என்றேன். பையைத் திறந்தும் காட்டினேன். அவர்கள் கை நீட்டவில்லை.

பதினொரு பக்கத்தால் ஆகாதது, முகப்பு இருண்டதும் ஆயிற்று. பீங்கான் கூடு எங்கிருந்தோ கிடைத்தது. ஆறுமுகமும் நானும் பிற்பகலுக்குள் கப்பல் விளக்குகளைக் கழற்றி எறிந்தோம். ஒன்பதாம் பக்கத்தில் அடிக்கோடிட்டது அப்படியே நடந்தேறியது. முதலாளி பிற்காலத்தில் அது தன்னுடைய யோசனை என்று பலரிடம் சொன்னதாகக் கேள்வி.

பியூஸைத் திரும்பப் போட்டு, மீட்டர் வைத்துச் சோதித்தேன். குறையில்லை. "இனி தொடலாம்" என்று தேவானையிடம் மலாயில் சொன்னேன். அவர் நகரவில்லை. என் காலைச் சுட்டிக்காட்டினார்.

"துவான் டுலு."

முதலில் நீங்கள்.

செருப்பைக் கழற்றினேன். நீர் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ந்திருந்தது. நனைந்த கையோடு விளக்கைத் தொட்டு நின்றேன். அவர் என் முகத்தை நெடுநேரம் சோதித்தார். என் மீட்டரைவிடக் கண்டிப்பான சோதனை அது. பின்பு தானும் தொட்டார். "செமுட் சுடா மாத்தி" என்று சொல்லிவிட்டுச் சாடிகளைக் கழுவப் போனார். எறும்பு செத்துவிட்டது.

இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஈரமான இடத்துக்கு எந்த வயரிங் தகும் என்று மேசையில் உட்கார்ந்து தாராளமாக ஒப்பிட்டுப் பாருங்கள். அது தேவையான வேலை. ஆனால் கையெழுத்திடுவதற்கு முன் கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை நில்லுங்கள்.