நடுவில் நின்ற சந்தை

ஆசிரியர் அறையில், மின்விசிறி சுவிட்சுக்கு மேலே, சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. 'கமாடிட்டி சந்தை வல்லுநர். விலையின் ஏற்ற இறக்கங்களை முன்கூட்டியே கணித்து லாபகரமாக முடிவெடுக்கும் ஆற்றல் பெற்றவர்' என்று பொன்னிற எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அந்த வல்லுநர், பதினோராம் வகுப்புக்கு வணிகவியல் எடுக்கும் ஆசிரியர். இரண்டு நாள் பயிற்சி முகாமில் கொடுத்த சான்றிதழ் அது. இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே சொல்லப்பட்ட எதற்கும் அவர் சாட்சியில்லை. வீட்டில் அவரைக் காய்கறி வாங்க அனுப்புவதே கிடையாது. கடைக்காரர் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு, "பாவம், காலையிலேருந்து உக்காந்திருக்காரு" என்று பரிந்தும் பேசுவார். வானம் பளிச்சென்று இருக்கும் நாளிலும் குடையோடு வருவதால் மாணவர்களுக்கு அவர் குடை சார்.

இப்படிப்பட்டவருக்கு, முன்பேரம் என்ற பாடம் வந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு வேகம் வந்துவிடும். புத்தகத்தை வாசித்தால் கடைசி பெஞ்சு மொத்தமும் கண்ணயர்ந்துவிடும் என்பதால் இந்த ஆண்டு வகுப்பையே சந்தையாக்கினார். ஓர் அட்டை என்றால் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. விலை இன்றைக்குப் பேசுவது. சரக்கும் பணமும் கைமாறுவது பருவப் பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பார்க்க நிஜம்போல் இருக்கட்டுமே என்று அலுவலகத்துக்குப் போய் அட்டைகளில் பள்ளி முத்திரையையும் குத்தி வந்தார். வினை அங்கேதான் முளைத்தது.

உருளைக்கிழங்கு உண்மையிலேயே தேவைப்படும் ஓர் ஆள் வகுப்பில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று பள்ளி கேண்டீன் நடத்தும் அக்காவை அழைத்தார். அவரும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"இப்ப பேசிட்டா, அப்புறம் விலை ஏறினாலும் இதே விலைதானா சார்?"

"அதுக்குத்தானேம்மா முன்பேரம்!"

அக்கா எட்டு அட்டை வாங்கினார். கடைசி பெஞ்சு, விலை விழப்போகிறது என்ற நம்பிக்கையில், போட்டி போட்டுக்கொண்டு விற்றது.

குறுக்குக் கேள்வி கேட்டே 'வக்கீல்' என்று பெயர் வாங்கிய மாணவி எழுந்தாள். "சார், வித்தவன் கம்பி நீட்டிட்டா?"

"நல்ல கேள்வி. நடுவுல சந்தை நிக்குது. யார் ஓடினாலும் சந்தை ஓடாது. சொன்ன விலைக்குச் சரக்கைக் குடுத்தே ஆகணும்."

"இங்க சந்தை யாரு சார்?"

"நான்தான்னு வச்சுக்கயேன்" என்றார் குடை சார். மணி அடித்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வயலில் கிழங்கு அழுகியது. விலை இரண்டு மடங்கானது. வகுப்பில் கடைசி பெஞ்சு தலையில் கைவைத்தது, மற்றவர்கள் கைதட்டினார்கள், பாடம் அருமையாக முடிந்தது. அதே மகிழ்ச்சியில் தேநீர் குடிக்கப் போனவரிடம் கேண்டீன் அக்கா கேட்டார்:

"வெள்ளிக்கிழமை மூட்டைய எந்தப் பக்கம் சார் இறக்குவாங்க? பின்வாசல்ல வண்டி நுழையாது."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"மண்டிக்காரர் போன மாசமே பழைய விலைக்குத் தரேன்னு வந்தாரு. ஸ்கூல் முத்திரையோட ஏற்கெனவே பேசியாச்சுன்னு அனுப்பிட்டேன். பரீட்சை வாரம் முழுக்க சாப்பாடு போடணும். ரேட்டை ஒரு காசு ஏத்தக் கூடாது, ஒரு நாள் போடலன்னாலும் கேண்டீன் வேற ஆளுக்குன்னு எச்.எம். சொல்லிட்டாங்க. நல்லவேளை, நீங்க இருந்தீங்க."

அது விளையாட்டு என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். பின்னால் பன் வாங்க வரிசையில் நின்ற வக்கீல், காதைத் தீட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது.

வீட்டில் மனைவி கேட்டாள்: "விளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

"சொல்லிடலாம். அப்புறம் அந்தப் பாடத்தை எப்படி நடத்துறது?"

"பாடமாம் பாடம்! கத்தரிக்காய்க்குப் பேரம் பேசத் தெரியாது, இவரு சந்தையாம்!" தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சற்று யோசித்தாள். "மண்டிக்கு நானும் வரேன். அங்க வாயைத் திறந்தீங்க, தெரியும் சேதி."

மண்டியில் அவர் குடையைப் பிடித்தபடி வாயே திறக்கவில்லை. மனைவி பேசிய பேச்சில் மண்டிக்காரர் இருமுறை கும்பிடு போட்டார். ஆனாலும் மழை ஏற்றிய விலையை எந்த வாயாலும் முழுதாக இறக்கிவிட முடியாது. இரண்டு மடங்கு, ஒன்றே முக்கால் மடங்கானது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை முன்வாசலில் வண்டி நின்றது. வக்கீல் கடைசி பெஞ்சைப் பார்த்து, "வித்தவங்கதானே இறக்கணும்? வாங்கடா வியாபாரிங்களா!" என்றாள். அவர்கள் முனகிக்கொண்டே தோள் கொடுத்தார்கள். கேண்டீன் அக்கா ஒவ்வொரு மூட்டையையும் தட்டிப் பார்த்து, "ஒண்ணு மட்டும் கொஞ்சம் ஈரம் சார்" என்று குறையும் சொன்னார். சார் அதற்கு வருத்தம் தெரிவித்தார்.

சான்றிதழ் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அதில் இல்லாதது இது: வணிகவியல் ஆசிரியர் தன் சம்பளத்தில் எட்டு மூட்டை உருளைக்கிழங்கை ஒன்றே முக்கால் மடங்கு விலைக்கு வாங்கி, அட்டையில் போட்டிருந்த விலைக்கே கொடுத்தார்.